எதுவும் மாறாத கம்ப்யூட்டர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலையில் எழுந்து பாலை அடுப்பில் வைத்த கையோடு கம்ப்யூட்டருக்கு அப்டேட் போட்டுவிடுவேன். பால் பொங்குவதற்குள் பாதி வந்திருக்கும், டிகாக்ஷன் இறங்குவதற்குள் மீதி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று மேலே ஓடுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். அந்தப் பத்து நிமிஷம்தான் நாள் பூராவிலும் எனக்கென்று இருந்தது. அதற்கப்புறம் ஹார்பர் லைன் ரயில், ஆபீஸ், திரும்பவும் ஹார்பர் லைன்.

ஆபீஸிலும் கம்ப்யூட்டர்தான். ஒரு கம்பெனியில் சிஸ்டம் சப்போர்ட். காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். மேடம், ஸ்க்ரீன் கறுப்பாக இருக்கிறது. மேடம், நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை. மேடம், நான் எதையும் தொடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த மூன்று வாக்கியங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். எதையும் தொடவில்லை என்று சொல்கிறவர்கள் கட்டாயம் எதையாவது தொட்டிருப்பார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

ஆபீஸ் மெஷின்களில் ஒரு படத்தை மாற்றுவதற்குக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. எல்லாம் மேலிடம் சொல்கிறபடி. அந்த எரிச்சலோ என்னவோ, வீட்டில் மாற்றிக்கொண்டே இருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு, அதில் லினக்ஸ் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தேன். லினக்ஸில் பல வகை உண்டு. நான் வைத்திருந்தது நாள் தவறாமல் புதிதாகிக்கொண்டே இருக்கிற வகை. எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ நேற்று எழுதி முடித்தது இன்று காலை செம்பூரில் என் மேசைக்கு வந்துவிடும். இது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. புடவை, நகை, சினிமா எதிலும் எனக்கு ஆசை கிடையாது. இந்த ஒரு சபலம்தான்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு மட்டும் சொந்தமில்லை. வீட்டில் நானும் அப்பாவும் இரண்டே பேர். அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, விட்டுப்போயிற்று. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு ஷிப்பிங் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்டாக ரிட்டையர் ஆனவர். நான் ஆபீஸ் கிளம்பிப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்காருவார்.

உட்காருவது நோட்டீஸ் போட. எங்கள் பில்டிங்கில் நாற்பது ஃப்ளாட். ஃப்ளாட்காரர்கள் சங்கமான சொசைட்டிக்கு அப்பா பத்து வருஷம் செக்ரட்டரியாக இருந்தார். பதவி வேறு ஆளுக்குப் போன பிறகும் நோட்டீஸ் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. தண்ணீர் வராத நாள், டேங்க் கழுவுகிற நாள், லிஃப்ட் ஓடாத நாள் எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் அவர் கையால்தான் வரவேண்டும். அவருடைய ஆபீஸில் யாரும் எந்தக் கடிதத்தையும் புதிதாக எழுத மாட்டார்களாம். போன தடவை போனதை எடுத்து, தேதியை மாற்றி அனுப்புவார்களாம். அப்பாவும் அப்படியேதான். தண்ணீருக்கு ஒரு ஃபைல், டேங்குக்கு ஒரு ஃபைல். திறந்து, கிழமை, தேதி, நேரம் மூன்றை மட்டும் மாற்றி, இரண்டு காப்பி எடுப்பார். ஒன்று லிஃப்ட் பக்கத்து போர்டுக்கு, ஒன்று வாட்ச்மேன் கேபினுக்கு. கையெழுத்துப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தானே கீழே இறங்கிப்போய் ஒட்டுவார். ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நின்று ஒரு தடவை முழுக்கப் படிப்பார். அந்த வழியாக யார் போனாலும் நிறுத்தி, "தர்ஸ்டே தண்ணி கிடையாது, பிடிச்சு வெச்சுக்கோங்கோ" என்பார்.

பில்டிங்குக்கு வாட்ஸாப் குரூப் வந்து எத்தனையோ காலமாயிற்று. இருந்தாலும் வயதானவர்கள் நிறைய இருக்கிற பில்டிங். அவர்கள் போர்டைப் பார்த்துத்தான் பக்கெட்டில் பிடித்து வைப்பார்கள். அப்பாவும் மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். மாட்டுங்காவுக்குப் போய் வெற்றிலையும் வாழைக்காயும் வாங்குவது நின்றது, சாயங்கால நடை நின்றது, சனிக்கிழமை பஜனை நின்றது. நோட்டீஸ் மட்டும் மிச்சம். அதுவும் போய்விட்டால் எதற்காக இவர் காலையில் எழுந்து ஷேவ் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அப்படிப்பட்டவருடைய மெஷினில்தான் நான் தினமும் கையை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மெனு கீழேயிருந்து மேலே போகும். ஒரு நாள் பிரிண்டர் படம் வேறு நிறத்துக்கு மாறும். ஒரு நாள் எழுத்தெல்லாம் சிறுத்துப்போகும். நான் ரயிலில் நின்றுகொண்டிருக்கும்போது போன் வரும்.

"ஏண்டி, திரும்பவும் என்ன பண்ணி வெச்சே? பிரிண்ட் பட்டனைக் காணலை."

"மேல வலது பக்கம் பாருங்கோப்பா. மூணு கோடு மாதிரி இருக்கும்."

"நேத்திக்கு இங்கதானே இருந்தது. அதை எதுக்கு மாத்தணும்?"

"நான் மாத்தலைப்பா, அவா மாத்திருக்கா."

"எவா?"

இந்தக் கேள்விக்கு குர்லாவில் கூட்டம் ஏறுகிற நேரத்தில் பதில் சொல்ல முடியாது. அவா என்றால் யார் என்று எனக்கே தெரியாது. "ஒனக்குக் கை சும்மா இருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வரும். நாள் பூரா ஊரார் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறேன், என் வீட்டுக் கம்ப்யூட்டரில் என் இஷ்டத்துக்கு ஒரு அப்டேட் போடக்கூடாதா என்று உள்ளுக்குள் பொருமுவேன். மறுநாள் காலை பாலை வைத்துவிட்டு மறுபடியும் போடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போட்ட அப்டேட்டில் பிரிண்டர் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி டேங்க் கழுவுகிறார்கள், காலையிலிருந்து மத்தியானம் வரை சொட்டுத் தண்ணீர் வராது. அதற்கான நோட்டீஸ் வெள்ளிக்கிழமை ஒட்டியாக வேண்டும். அப்பா போன் பண்ணினார். சாயங்காலம் பார்க்கிறேன் என்றேன். அன்றைக்குப் பார்த்து லைனில் ஏதோ கோளாறு, வடாலாவில் முக்கால் மணி நேரம் ரயில் நின்றது. வீடு வந்ததும் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். சனிக்கிழமை எனக்கு டூட்டி. சுத்தமாக மறந்துபோனேன்.

கையால் எழுதி ஒட்டியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன். "பொட்டிக்கடை போர்டா அது?" என்றார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு பில்டிங் முழுக்க ஒரே கூச்சல். முதலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் இப்போதைய செக்ரட்டரி. மூன்றாவது மாடியில் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தாராவியில் தோல் பைகள் தைக்கிற பட்டறை வைத்து, கஷ்டப்பட்டு மேலே வந்து, எங்கள் பில்டிங்கில் ஃப்ளாட் வாங்கியவர். காதோரம் சோப்பு நுரையோடு நின்றார்.

"அக்கா, நோட்டீஸ் ஐயா போட்டுருவாகன்னுதான் நான் குரூப்புலகூட போடல. தலைல சோப்போட நிக்கேன், பைப்புல காத்து வருது."

குடிக்கப் பிடித்து வைத்திருந்த பானைத் தண்ணீரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அப்பா உள்ளே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார், வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் சொசைட்டி மீட்டிங். இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் எழுந்து, மரியாதையாகத்தான், "அங்கிள், அப் ரெஹ்னே தோ. வாட்ஸாப் பே டால் தேங்கே" என்றார். இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம், நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று அர்த்தம். அப்பா எழுந்து நின்று, மெஷின் ரிப்பேர், பெண் ஏதோ மாற்றிவிட்டாள், தன் மேல் தப்பில்லை என்று ஆபீஸ் இங்கிலீஷில் விளக்கம் சொன்னார். கடைசியில் செக்ரட்டரிதான், "ஐயாவே செய்யட்டும், மெஷின அக்கா சரி பண்ணிருவாக" என்று முடித்து வைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. நாற்பது குடும்பத்துக்கு முன்னால் என் அப்பாவை நிற்க வைத்தது என்னுடைய பத்து நிமிஷ சந்தோஷம்.

மீட்டிங் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிட்டேன். லினக்ஸில் ஸ்டேபிள் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் புதுசு எதுவும் வராது. எல்லாம் பழசு, ஆனால் பலகாலம் பார்த்துச் சரிசெய்யப்பட்ட பழசு. போட்டால் ஐந்து வருஷத்துக்குப் பாதுகாப்புக்கு வேண்டிய சின்னச் சின்ன அப்டேட் மட்டும் வரும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொட்டுகூட நகராது. முன்பெல்லாம் ஆபீஸில் யாராவது அதைப் புகழ்ந்தால் "அது ரிட்டையர் ஆனவாளுக்கு" என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். அப்பாவின் ஃபைல்களை இரண்டு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். பழையதைத் துடைத்து, புதியதை ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பிரிண்டரைச் செருகினேன், ஒரு கேள்வியும் கேட்காமல் அதுவாகவே அடித்தது. என் இஷ்டப்படி ஒன்றும் வைக்கவில்லை. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது எங்கே வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வைத்தேன். இடது மூலையில் தண்ணீர் நோட்டீஸ், அதன் கீழே டேங்க் நோட்டீஸ், அதற்கும் கீழே லிஃப்ட். பிரிண்ட் பட்டன் மேலே நடுவில், பெரிசாக. எல்லாம் முடிந்ததும் திரையை என் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன். எப்போதாவது கை தவறி ஏதாவது நகர்ந்தால் பழையபடி வைக்க உதவும் என்று.

"இனிமே இது மாறாதோல்லியோ?" என்றார் அப்பா.

"அஞ்சு வருஷத்துக்கு மாறாதுப்பா."

"அது போறும் எனக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு காலையில் பாலை வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். முதல் சில வாரம் கை குறுகுறுத்தது. பிறகு அந்த அலுப்பே பிடித்துப்போயிற்று. ஆபீஸிலும் ரயிலிலும் ஒவ்வொரு நாளும் ஏதாவது கெட்டுக்கொண்டே இருக்கும்போது, வீட்டில் ஒரு பொருள் நேற்று வைத்த மாதிரியே இன்றும் இருக்கிறது என்பது நிம்மதியாக இருந்தது. ரயிலில் அப்பாவின் போன் வரவில்லை. நோட்டீஸ்கள் வேளாவேளைக்கு போர்டில் ஏறின. முன்பு வாட்ஸாப் என்று சொன்ன இரண்டாவது மாடிக்காரரே ஒரு நாள் போர்டு முன்னால் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வருஷத்துக்கு மேலே ஓடிற்று.

அப்புறம் ஒரு மழைநாளில், வாஷி பக்கம் ஒரு கிளைக்கு வேலையாகப் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏண்டி, மறுபடியும் மாத்திட்டியா?"

"இல்லையேப்பா. என்ன ஆச்சு?"

"பிரிண்ட் பட்டன் வேற எங்கேயோ இருக்கு. தண்ணி நோட்டீஸும் இடம் மாறிடுத்து. நான் எதையும் தொடலை."

நான் சிரித்தேன். கட்டாயம் தொட்டிருப்பார், மௌஸ் பிடித்து இழுத்திருப்பார் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அப்படி. சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி, இந்தத் தடவை ஞாபகமாகப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கம்ப்யூட்டரிடம் போனேன். ஒன்றும் நகர்ந்த மாதிரி தெரியவில்லை. சந்தேகத்துக்குப் போனில் இருந்த படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இடது மூலையில் தண்ணீர். அதன் கீழே டேங்க். அதன் கீழே லிஃப்ட். மேலே நடுவில் பிரிண்ட். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"எங்கேப்பா மாறியிருக்கு?"

அப்பா வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "இப்போ சரியா இருக்கு. நீ வந்து சரி பண்ணிட்டே" என்றார். நான் இன்னும் மௌஸைத் தொடவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இத்தனை காலமும் அவர் தேடினால் காரணம் நான். மெனு மாறியிருக்கும், பட்டன் போயிருக்கும், திட்டுவார், நியாயம். அந்தப் பழைய நாட்களில் எத்தனை தேடல் என்னால், எத்தனை அவராலேயே என்று இப்போது கணக்குப் பார்க்க வழியில்லை. நான் தினமும் கலைத்துக்கொண்டிருந்ததால் அது வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காக ஓரிடத்தில் நிறுத்தி வைத்த பிறகு, நகர்வது எது என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு சாதம் வைத்தேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயசாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது, மாத்திரை தருகிறேன், சாப்பிட்டால் மெதுவாகத்தான் போகும் என்றார். வீட்டில் எதையும் இடம் மாற்றாதீர்கள், பழக்கமான வேலையைச் செய்யட்டும் என்றும் சொன்னார். அதை எனக்கு அவர் சொல்லவேண்டியதில்லை. அப்பா வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை போன் பண்ணினார். மாத்திட்டியா, மாத்திட்டியா. "இல்லைப்பா, அங்கேயேதான் இருக்கு, இடது மூலையில பாருங்கோ" என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையில்லாமலும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் போனில் இருந்த படத்தை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டி, "பாருங்கோ, எது மாறியிருக்கு சொல்லுங்கோ" என்று கத்திவிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்ப் படுத்துக்கொண்டார். படத்தை அன்றே அழித்துவிட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் செக்ரட்டரி வந்தார். கையில் நோட்டீஸ். போர்டிலிருந்து பிய்த்து எடுத்திருந்தார், மேல் மூலைகளில் டேப் ஒட்டியபடி இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை பைப் வேலை, தண்ணீர் கிடையாது என்று திங்கட்கிழமையே அப்பாவுக்குப் போனில் சொல்லியிருந்தார். அப்பாவும் மறுநாளே நோட்டீஸ் ஒட்டியிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. ஆனால் அது அதற்கு முந்தைய மாதத்து நோட்டீஸ். கிழமை, தேதி, நேரம் மூன்றுமே பழையது. ஃபைலைத் திறந்திருக்கிறார், மாற்றாமல் அடித்துவிட்டார். காலையில் ஆபீஸ் போகும்போது நான் அந்த போர்டைக் கடந்துதான் போனேன், படிக்கவில்லை.

"நல்லவேள, லிஃப்டுக்கு நிக்கும்போது கண்ணுல பட்டுது. குரூப்புல போட்டுட்டேன், வயசானவங்க வூட்டுக்கெல்லாம் ஏறிப்போய்ச் சொல்லிட்டேன். அதுக்கில்லக்கா..." என்று இழுத்தார். நல்ல மனுஷன். மேலே சொல்லத் தயங்கினார். அவர் எதைச் சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் மாத்தித்தான் போட்டேன்" என்றார். "நன்னா ஞாபகம் இருக்கு. தர்ஸ்டேன்னு அடிச்சேன். நான் எதையும் தொடலை. இவதான் மெஷின்ல..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கே நிச்சயமில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

"ஆமாம்" என்றேன். "நான்தான். நேத்திக்குக் காத்தால ஒரு அப்டேட் போட்டேன். அதுல பழைய ஃபைல் திரும்ப வந்துடுத்து போலிருக்கு. அப்பா மேல தப்பில்லை."

அப்டேட் போட்டால் பழைய ஃபைல் திரும்பி வராது. பட்டறையில் லாப்டாப் வைத்துக்கொண்டு தினமும் வேலை பார்க்கிற செக்ரட்டரிக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் என்னைப் பார்த்தார், நான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

"அப்படியாக்கா?" என்றார். "அப்போ ஒண்ணு செய்வோம். உங்க மெஷினு இப்படி மாறிக்கிட்டே இருக்கதால, ஐயா அடிச்சதும் எங்கிட்ட ஒரு காப்பி காட்டிட்டு ஒட்டட்டும். மெஷின நம்ப முடியாதுல்லா?" பிறகு அப்பாவிடம் திரும்பி, "டென்ஷன் ஆவாதீங்க ஐயா, நோட்டீஸ் நீங்கதான் போடணும்" என்றார்.

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "நான் சொன்னேனோல்லியோ? இவளுக்குக் கை சும்மாவே இருக்காது" என்று அவரிடம் சந்தோஷமாகப் புகார் சொன்னார். அவரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இடது மூலையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்து மௌஸைத் தண்ணீர் நோட்டீஸ் மேலே கொண்டுபோய் வைத்தேன்.

"இனிமே எதையும் மாத்தாதே, என்ன?" என்றார்.

"மாத்தலைப்பா" என்றேன்.